கம்பக் கிணற்று வெளிச்சம்

செங்காட்டுவலசில் மஞ்சள் நீராட்டு நாளன்று வெள்ளைச் சட்டையில் வந்து நிற்கிறவன் வெளியூர்க்காரனாகத்தான் இருக்க வேண்டும். உள்ளூர்க்காரன் எவனும் அன்றைக்கு நல்ல துணியைத் தொடமாட்டான். கிழிந்த பனியனும் சாயம் போன வேட்டியுமாகத் திரிவான். நீர்வழி அதிகாரி நல்லபெருமாள் கஞ்சி போட்டுத் தேய்த்த வெள்ளைச் சட்டையோடு ஜீப்பிலிருந்து இறங்கியதைப் பார்த்ததும் ஊராட்சித் தலைவி துளசிமணி கவலைப்பட்டாள். சட்டையை நினைத்து அல்ல. அன்று சாயங்காலத்துக்குள் அந்த மனிதர் சொல்லப்போகும் ஒரு வார்த்தையில் ஊரின் கரடு போய்விடும் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது.

ஆந்தைக்கரடு ஒன்றும் பெயர்பெற்ற மலை அல்ல. ஊருக்கு மேற்கே குத்துக்கல்லாக நிற்கும் ஒரு பாறைக் குன்று, அவ்வளவுதான். புறம்போக்கு நிலம். யார் பேரிலும் பட்டா இல்லாததால் ஊரே அதைத் தன்னுடையதாக வைத்துக்கொண்டது. ஆடு மேய்ப்பதும் அங்கேதான், பரீட்சையில் தோற்ற பிள்ளைகள் போய் உட்கார்ந்து அழுவதும் அங்கேதான். அதன் வயிற்றில் கருப்புக் கிரானைட் இருக்கிறது என்று ஒரு கம்பெனி கண்டுபிடித்தது. முன்பென்றால் மறுவாரமே வேட்டுச் சத்தம் கேட்டிருக்கும். இப்போது நீர்வழிச் சட்டம் வந்துவிட்டது. பொது நிலத்தில் பாறை உடைக்க வேண்டுமானால், அந்தப் பாறைக்குள் இறங்கும் மழைத் தண்ணீர் எந்தப் பொதுத் தண்ணீரிலும் போய்ச் சேரவில்லை என்பதை முதலில் பார்த்தாக வேண்டும். சேர்ந்தது தெரிந்தால் கம்பெனி ஓர் உளியைக்கூட உள்ளே கொண்டுபோக முடியாது.

அதைப் பார்ப்பதற்கு வந்ததுதான் தடத்தூள். அரசாங்கம் வைத்த பெயர் அது. ஊர் அதற்கு மின்மினிப்பொடி என்று பெயர் வைத்தது. போன மழைக்காலத்தில் கரட்டின் பிளவுகளில் அதைக் கரைத்து விட்டார்கள். அதற்கு முன்னால் நடந்த கிராம சபையில் நல்லபெருமாள் எல்லாவற்றையும் பொறுமையாக விளக்கினார். குடித்தால் ஒன்றும் செய்யாது, ருசி இல்லை, மணம் இல்லை, ஊதா விளக்கின் அடியில் இருட்டில் மட்டும் மின்னும். ஒவ்வொரு கரட்டுக்கும் ஒவ்வொரு நிறம், ஆந்தைக்கரட்டுக்கு நீலம்.

அன்றைக்குக் கேள்வி கேட்டது பாப்பாத்தி. துளசிமணியின் வீட்டுக்காரருடைய தங்கை. ஊருக்கே ரவிக்கை தைப்பவள். வாய்க்குப் பூட்டு போடாமல் வளர்க்கப்பட்டவள்.

"அந்தப் பொடியில கொஞ்சத்த நாங்களே கொண்டாந்து கெணத்துல கொட்டிட்டா என்னங்க பண்ணுவீங்க?"

"கொட்டினா கொட்டிட்டுப் போங்க, மின்னாது" என்றார் நல்லபெருமாள். "ஒவ்வொரு துகளுக்கும் மேல ஒரு தோலு இருக்கு. பாறை இடுக்குல மாசக்கணக்கா உரசி உரசி வந்தாத்தான் அந்தத் தோலு தேயும். தேஞ்சதுதான் மின்னும். குறுக்கு வழியில வந்தது இருட்டாவே கெடக்கும்."

"மனுசனுக்கும் அப்பிடி ஒரு தோலு இருந்தா எலெக்சன் எவ்வளவு சுலபமா இருக்கும்" என்றாள் பாப்பாத்தி. சபை சிரித்தது. நல்லபெருமாள் சிரிக்கவில்லை. அவர் சிரிப்பதற்கும் விதிப்புத்தகத்தில் இடம் தேடுகிறவர். எந்த ஊரிலும் ஒரு வாய் தண்ணீர் வாங்கிக் குடிக்கமாட்டார். இரண்டு தரப்பிலும் கை நனைக்காமல் இருப்பதற்காகச் சொந்தத் தண்ணீர் பாட்டிலும் தயிர்சோறும் ஜீப்பிலேயே வரும். அவ்வளவு விறைப்பான மனிதர், சபை முடியும்வரை நின்றுகொண்டே இருந்த துளசிமணியைப் பார்த்து, "தங்கச்சி, நீங்க மொதல்ல உக்காருங்க" என்று சொன்னார். திருநெல்வேலிப் பக்கத்து மரியாதை. அதை யாரும் மனதில் வைத்துக்கொள்ளவில்லை, பாப்பாத்தியைத் தவிர.

அந்தச் சபையில்தான் துளசிமணி தன் கழுத்துக்குத் தானே கத்தி வைத்துக்கொண்டாள். கம்பெனி ஒரு சமரசம் பேசியது. ஊர் சம்மதித்தால் கரட்டில் பாதியை மட்டும் எடுத்துக்கொள்கிறோம், மீதியைத் தொடமாட்டோம் என்றது. தலையாட்டப் பலர் தயாராக இருந்தார்கள். அவள் வீட்டுக்காரரே அவர்களில் ஒருவர். முழுசும் போவதற்குப் பாதி மிஞ்சுவது லாபம்தானே என்பது அவர் கணக்கு. துளசிமணி எழுந்து, கரட்டுத் தண்ணிதான் நம்ம தண்ணி, விளக்கு அதைக் காட்டும், காட்டாவிட்டால் என்னைக் கேளுங்கள் என்று சொல்லிவிட்டாள். ஊர் அவள் பேச்சைக் கேட்டது. அதற்கப்புறம் மாதங்களாக அவளுக்குச் சரியான தூக்கம் இல்லை.

ஏனென்றால் விளக்கு எதையும் காட்டவில்லை. பயன்படுத்துகிற தண்ணீர் எல்லாவற்றையும் சொல்லுங்கள் என்று நல்லபெருமாள் கேட்டபோது ஊர் ஒன்றுவிடாமல் சொன்னது. தோட்டத்துக் கிணறுகள், ஆழ்குழாய்கள், ஏரி, மாட்டுத்தொட்டி, இட்லிக்கடை டிரம் வரைக்கும். அவர் ஒவ்வொன்றிலும் தன் கையாலேயே மொண்டு, ஊராட்சி அலுவலகத்தின் சாமான் அறைக்குக் கொண்டுபோய்ப் பார்த்தார். சன்னல் இல்லாத அறை அது. எரியாத தெருவிளக்குகளைப் போட்டு வைத்திருந்தார்கள். ஒவ்வொரு தடவையும் தண்ணீர் தண்ணீராகவே இருந்தது. தடம் தெரிவதற்குச் சட்டம் கொடுத்த ஓராண்டுக் கெடு இன்றோடு முடிகிறது. கெடுவும் மாரியம்மன் நோன்பின் கடைசி நாளும் ஒன்றாக வந்து விழுந்ததை யாரும் திட்டம் போட்டுச் செய்யவில்லை.

காலையில் எடுத்த கடைசி மாதிரிகளும் இருட்டாகவே கிடந்தன. நல்லபெருமாள் கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தார். கம்பெனியின் வக்கீல் அஸ்வின்ராஜ் நாற்காலியை விட்டு எழுந்து நின்றான். இளைஞன், மரியாதைக்காரன், அதனாலேயே துளசிமணிக்கு அவனைத் திட்டவும் வாய் வரவில்லை.

"இன்னொரு மாசம் பாத்தா என்னங்க சார்?" என்றாள் அவள். "மழை இந்த வருசம் சுணங்கித்தானே வந்துது."

"கம்பெனிக்கு ஒரு விதி, ஊருக்கு ஒரு விதின்னு வைக்க முடியாது தங்கச்சி" என்றார் அவர். குரல் தாழ்ந்திருந்தது. "இந்த விதி வாறதுக்கு எத்தனை ஊரு அழுதிருக்குன்னு எனக்குத் தெரியும். அதை நானே வளைச்சா நாளைக்கு யாரும் மதிக்கமாட்டான். சாப்பிட்டுட்டு வந்து முடிவைச் சொல்லுதேன்."

அந்தப் பழைய சமரசம் இனிமேல் செல்லாது மேடம் என்று அஸ்வின்ராஜ் மெதுவாக நினைவுபடுத்தினான். பாதிக் கரடும் இல்லை. துளசிமணி தலையை மட்டும் ஆட்டினாள். வாயைத் திறந்தால் அழுதுவிடுவாள் போலிருந்தது. தலைவி அழுதாள் என்று பேச்சு வரக்கூடாது என்பதற்காக அடக்கிக்கொண்டாள்.

அந்த நேரம் பார்த்துக் கோயில் பக்கம் மேளம் முழங்கியது. கம்பத்தைப் பிடுங்கிவிட்டார்கள்.

வெளியூர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டும். நோன்பு சாட்டியதும், அதாவது திருவிழாவை அறிவித்ததும், கோயில் முன்னால் மூன்று கிளையுள்ள மரக் கம்பத்தை நட்டு, அதற்கு நாள்தோறும் தண்ணீர் ஊற்றி, சுற்றிச் சுற்றி ஆடுவார்கள். கடைசி நாள் அதைப் பிடுங்கிக்கொண்டுபோய்க் கோயிலுக்குப் பின்னால் இருக்கும் கம்பக் கிணற்றில் விடுவார்கள். அந்தக் கிணற்றுக்கு இரும்பு மூடி உண்டு, பூட்டு உண்டு. மற்ற நாளில் எவரும் அதில் வாளி விடக்கூடாது. அது ஆத்தாளுடைய தண்ணீர். கம்பம் இறங்கிய அன்று மட்டும் இறைத்து, மஞ்சளைக் கரைத்து, முறை உள்ளவர்கள் ஒருவர்மேல் ஒருவர் ஊற்றிக்கொள்வார்கள். மாமன், மச்சான், கொழுந்தி, நாத்தனார் எல்லோரும் நனையலாம். அண்ணன் தம்பி, அக்கா தங்கைமேல் ஊற்றினால் ஊர் கைகொட்டிச் சிரிக்கும்.

கம்பம் கிணற்றில் இறங்கி ஊர் நனையத் தொடங்கியது. துளசிமணிமேல் அன்று யாரும் ஊற்றவில்லை. அவள் முகத்தைப் பார்த்து விலகிப் போனார்கள். அது அவளுக்கு இன்னும் வலித்தது.

நல்லபெருமாள் தயிர்சோற்றை எடுக்க ஜீப்பை நோக்கி நடந்தார். வழியில் பாப்பாத்தி நின்றாள். உச்சி முதல் உள்ளங்கால் வரை மஞ்சளாக நனைந்து, இடுப்பில் நிறைகுடத்தோடு.

"ஒரு சந்தேகமுங்க சார். எங்க நங்கையாளத் தங்கச்சின்னு கூப்புட்டீங்கல்ல?"

எந்த நங்கையாள் என்று விழித்தவர், அவள் துளசிமணியைக் கை காட்டியதும், அண்ணியைச் சொல்கிறாள் என்று புரிந்துகொண்டு ஆமாம் என்றார்.

"அவ எங்கண்ணன் பொண்டாட்டிங்க. அவளுக்கு நீங்க அண்ணன்னா, எனக்கு நீங்க என்ன முறைங்க?"

விதிகளிலேயே ஊறிப்போன மனிதர் அல்லவா, கேள்வி என்று வந்துவிட்டால் பதிலைத் தேடாமல் இருக்க முடியாது. புருவத்தைச் சுருக்கி யோசித்தார். விடை முகத்தில் தெரிந்த அதே நொடியில் குடம் தலைக்கு மேலே கவிழ்ந்தது.

வெள்ளைச் சட்டை உடம்போடு ஒட்டிக்கொள்ள, மூக்கு நுனியில் ஒரு வேப்பிலையோடு அவர் அசையாமல் நின்றார். ஒரு டம்ளர் தண்ணீர்கூட வாங்கிக் குடிக்காதவர். இனி ஆளை மிரட்டினார்கள், அவமதித்தார்கள் என்று வேறு எழுதுவார். அந்தப் பயத்தில் துளசிமணி ஓடிவந்து பாப்பாத்தியின் கையைப் பிடித்து இழுத்து, அவர் முன்னால் கும்பிட்டு நின்றாள்.

"முறை சரியாத்தான் இருக்கு" என்றார் அவர், கண்ணைத் துடைத்துக்கொண்டு. ஜீப்பிலிருந்து மாற்றுச் சட்டையை எடுத்துக்கொண்டு சாமான் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினார்.

துளசிமணி வெளியே நாத்தனாரை ஏசினாள். உனக்கு விளையாட்டு, எனக்கு உயிர் என்றாள். பாப்பாத்தி முதல்முறையாகத் தலையைக் குனிந்துகொண்டாள். கெட்டது எப்படியும் கெட்டுவிட்டது, ஆத்தா தண்ணி ஒரு சொட்டாவது அந்தாள்மேல் படட்டும் என்று நினைத்ததாக முணுமுணுத்தாள்.

கதவு கொஞ்சம் திறந்தது. "தங்கச்சி, வக்கீல் தம்பியையும் கூட்டிக்கிட்டு உள்ள வாங்க. கதவைச் சாத்திருங்க."

உள்ளே காலையில் அணைக்க மறந்த ஊதா விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அதன் அடியில் நல்லபெருமாள் நின்றார். நனைந்த சட்டையை இன்னும் கழற்றவில்லை. தலைமுடி, மீசை, தோள், சட்டைப்பை, விரல் நுனி என்று அவர் உடம்பு முழுக்க நீலப் புள்ளிகள். கார்த்திகைக்கு விளக்கு வைத்த வீடு மாதிரி இருந்தார். அவர் கையைத் தூக்கினால் நீலமும் கூடவே உயர்ந்தது. துளசிமணி வாயைப் பொத்திக்கொண்டாள். அத்தனை நாள் அடக்கியிருந்த அழுகை அப்போதுதான் வந்தது. பக்கத்தில் நின்றவர்கள் அதைப் பார்த்தாலும் பரவாயில்லை என்று அழுதாள்.

"மஞ்சளும் இந்த விளக்குல மின்னும் சார்" என்றான் அஸ்வின்ராஜ். தொழில் தெரிந்த பையன்.

"மின்னும். மஞ்சளாத்தான் மின்னும். இது நீலம்." அவர் ஈரத்தோடு ஒரு பெட்டியின்மேல் உட்கார்ந்தார். "தங்கச்சி, இது எந்தத் தண்ணி?"

கம்பக் கிணறு என்றாள். அதைப் பட்டியலில் ஏன் சொல்லவில்லை என்று கேட்டார். துளசிமணி கண்ணீருக்கு நடுவே அவரை விநோதமாகப் பார்த்தாள்.

"பயன்படுத்தற தண்ணியத்தானுங்க கேட்டீங்க. அதை நாங்க யாரும் பயன்படுத்தறதில்லைங்களே."

நல்லபெருமாளின் தோள் குலுங்கியது. அழுகிறாரோ என்று பதறிப் பார்த்தால், மனிதர் சிரிக்கிறார். விதிப்புத்தகத்தில் இடம் தேடாமல் கண்ணில் நீர் வரச் சிரித்தார். நீலம் உடம்பெல்லாம் ஆடியது.

அஸ்வின்ராஜ் விடவில்லை. அதிகாரியே சாட்சியாக முடியாது என்றான். நியாயம்தான் என்று அவர் ஒத்துக்கொண்டு, அந்த ஈரச் சட்டையோடே கம்பக் கிணற்றுக்குப் போய், அவன் பார்த்துக்கொண்டிருக்க, மஞ்சள் கலக்காத தண்ணீரைத் தன் கையால் மொண்டு கொண்டுவந்து விளக்கில் காட்டினார். பாட்டில் நீலமாக எரிந்தது. ஊரே பயன்படுத்தாத கிணறு எப்படிப் பொதுத் தண்ணீர் ஆகும் என்பது அவனுடைய கடைசிக் கேள்வி.

"வெளிய போய்ப் பாருங்க தம்பி" என்றார் நல்லபெருமாள். "இந்த ஊருல அந்தத் தண்ணி படாத ஆளு உங்களையும் தங்கச்சியையும் தவிர யாரு இருக்கா?"

அவன் வெளியே போய்ப் பார்த்தான். பாப்பாத்தி அடுத்த குடத்தோடு நிற்பதைப் பார்த்துவிட்டு உள்ளேயே திரும்பி வந்தான்.

விஷயம் தெரிந்ததும் ஊருக்குப் பைத்தியம் பிடித்தது. தன்னையும் விளக்கில் பார்க்க வேண்டும் என்று ஒவ்வொருவரும் சாமான் அறைக்கு முண்டியடித்தார்கள். கதவு பிய்ந்துவிடும் போலிருந்ததால், யாரோ நெல்லுக்குப் போடும் கறுப்புத் தார்ப்பாய்களைக் கொண்டுவந்து கோயில் பந்தலின் நாலு பக்கமும் கட்டினார்கள். பட்டப்பகலில் உள்ளே இருட்டு. நல்லபெருமாள் தன் விளக்கைத் தானே நடுவில் தொங்கவிட்டார். மேளக்காரர்கள் உள்ளே புகுந்தார்கள். கம்பத்தைச் சுற்றி ஆடிய கால்கள் இப்போது விளக்கைச் சுற்றி ஆடின. மாமியார்கள் நீலமாக ஆடினார்கள், ஆட்டுக்காரர்கள் நீலமாக ஆடினார்கள். பாதிக் கரட்டுக்குத் தலையாட்டிய துளசிமணியின் வீட்டுக்காரர், வழுக்கைத் தலை முழுக்க நீலத்தோடு, மனைவியின் கையைப் பிடித்து இழுத்து எல்லோருக்கும் நடுவில் விட்டார். அவள் மேல்தான் யாரும் ஒரு குடமும் ஊற்றவில்லை. அத்தனை வெளிச்சத்துக்கும் நடுவில் அவள் ஒருத்திதான் இருட்டாக நின்று சிரித்தாள்.

"நங்கையா, இந்த ரோஸ் கலரு என்ன?" என்று பாப்பாத்தி கத்தினாள்.

பார்த்தால் அவள் கையில் நீலத்துக்கு நடுவே அங்கங்கே ரோஸ் நிறத்திலும் புள்ளிகள். அவள் கையில் மட்டுமல்ல, எல்லோர் மேலும், கூர்ந்து பார்த்தால், ஒரு கை ரோஸ் பொடி தூவியதுபோல. துளசிமணி நல்லபெருமாளைத் திரும்பிப் பார்த்தாள். அவர் தன் உள்ளங்கையை விளக்கின் அடியில் விரித்து வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வெள்ளாங்கரடு" என்றார். நெடுஞ்சாலைக்கு அந்தப் பக்கம், நொச்சிக்காடு என்ற ஊரின் கரடு. ரோஸ் அதற்கு வைத்த நிறம். அங்கே முன்பே அனுமதி கொடுத்து, கல் வெட்டிக்கொண்டிருந்தார்கள். குழியில் ஊறும் தண்ணீரைப் பம்பு வைத்து இறைத்துக் கொட்டுகிறார்கள், எங்கள் கிணறுகள் வற்றுகின்றன என்று நொச்சிக்காட்டார் எத்தனையோ தடவை மனு கொடுத்தும், விளக்கில் எதுவும் தெரியவில்லை என்று திருப்பி அனுப்பியிருந்தார்கள்.

"அனுப்புனது நாந்தான்" என்றார் அவர். "அவங்ககிட்டயும் இதே கேள்வியத்தான் கேட்டேன். பயன்படுத்துற தண்ணி எதுன்னு."

துளசிமணி என்ன செய்யப்போகிறீர்கள் என்று கேட்கவில்லை. அவர் ஏற்கனவே தார்ப்பாயை விலக்கிக்கொண்டு வெளியே போய், போனில் பேசத் தொடங்கியிருந்தார். தடம் தெரிந்துவிட்டால் வேலையை அந்த நிமிடமே நிறுத்தச் சொல்லும் அதிகாரம் அவருக்கு உண்டு. வெள்ளாங்கரட்டில் அன்று சாயங்காலம் எந்திரங்கள் நின்றன. எந்தக் கூட்டமும் கூடாமல், எந்தக் கொடியும் பிடிக்காமல் ஒரு குவாரி நின்றதை நொச்சிக்காட்டார் முதலில் நம்பவில்லை. டீசல் தீர்ந்துவிட்டது என்று நினைத்தார்களாம்.

அடுத்த நோன்புக்குள் விதி மாறிவிட்டது. சென்னையில் பெரிய அதிகாரிகள் உட்கார்ந்து பேசி, ஊர்களில் கேட்க வேண்டிய கேள்விகளில் புதிதாக ஒன்றை முதலாவதாகச் சேர்த்தார்கள். "நீங்கள் பயன்படுத்தாமல் வைத்திருக்கும் தண்ணீர் எது?" கிராம சபையில் துளசிமணி அதைப் படித்துக் காட்டியபோது செங்காட்டுவலசு விழுந்து விழுந்து சிரித்தது. தங்கள் ஊர்க் கிணறு ஒன்று சட்டத்துக்குள் போய் உட்கார்ந்துவிட்டது என்ற பெருமை எல்லோர் முகத்திலும் தெரிந்தது.

அந்த வருட மஞ்சள் நீராட்டுக்கு நொச்சிக்காட்டார் டிராக்டரில் வந்து இறங்கினார்கள். தண்ணீர் ஒன்றாகிவிட்டால் சொந்தம்தானே என்று அவர்களே சொல்லிக்கொண்டார்கள். என்ன சொந்தம் என்பதில் மட்டும் தகராறு. பங்காளி முறை என்றால் ஊற்ற முடியாது என்று பாப்பாத்தி பஞ்சாயத்து வைத்து, மாமன் மச்சான் முறையாகவே முடித்துவிட்டாள்.

நல்லபெருமாள் லீவு போட்டுவிட்டு மனைவியோடு வந்தார். இந்தத் தடவை பனியனும் பழைய வேட்டியும். அவர் மனைவி சண்முகவடிவு வந்ததும் வராததுமாகத் துளசிமணியைத் தேடிப்பிடித்து, இவர் தங்கச்சின்னா எனக்கு நாத்தனாரு ஆச்சே என்று சொல்லி, கேட்டு வாங்கிய குடத்தைத் தலையோடு கவிழ்த்தாள். யாரும் ஊற்றமாட்டார்கள் என்ற தைரியத்தில் துளசிமணி கட்டியிருந்தது புதுப் பட்டுச்சேலை. தலைவி ஆனதிலிருந்து துளசிமணியின் மேல் விழுந்த முதல் மஞ்சள் தண்ணீர் அதுதான். மூச்சு முட்டச் சிரித்துக்கொண்டே அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள்.

கறுப்புத் தார்ப்பாய்ப் பந்தல் இப்போது நோன்பின் வழக்கமாகவே ஆகிவிட்டது. எல்லோரும் துளசிமணியை உள்ளே தள்ளிக்கொண்டுபோய் விளக்கின் அடியில் நிறுத்தினார்கள். போன வருடம் இருட்டாக நின்றவள் இந்த வருடம் தலை முதல் கால் வரை மின்னினாள். நீலம் நிறைய. ரோஸ் கொஞ்சம். இடது தோளில், சேலைக் கரையை ஒட்டி, ஆரஞ்சு நிறத்தில் நாலைந்து புள்ளிகள்.

மேளம் தானாகத் தணிந்தது. செங்காட்டுவலசு நொச்சிக்காட்டைப் பார்த்தது, நொச்சிக்காடு செங்காட்டுவலசைப் பார்த்தது. துளசிமணி நல்லபெருமாளைப் பார்த்தாள்.

"இது யாருதுங்கண்ணா?"

அவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு தோளருகே குனிந்து பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். நிமிர்ந்தபோது, நீலமாக மின்னிய மீசைக்கு அடியில் அவர் சிரித்துக்கொண்டிருந்தார்.

"தெரியல தங்கச்சி. நாளைக்கு ஆபீசு போயிக் கண்டுபிடிச்சுச் சொல்லுதேன்."

துளசிமணி பந்தலுக்கு வெளியே தலையை நீட்டி, சமையல்காரரிடம் அடுத்த வருடத்துக்கு இன்னும் ஒரு பந்தி கூடுதலாகப் போட வேண்டியிருக்கும் என்று இப்போதே சொல்லி வைத்தாள்.